நம்ம ஊரு பேப்பரோட சரித்திரத்த தோண்டி எடுக்குறது எப்படி: குமரிக்காரங்களுக்கு ஒரு கைடு

போன வருஷம் எங்க தாத்தாவோட தகரப் பெட்டிய பரண்ல இருந்து எறக்குனோம். உள்ள பத்திரம், வரி ரசீது, மூடி தொறக்கவே வராத ஒரு தைலக் குப்பி, எல்லாத்துக்கும் அடியில விரிச்சிருந்த ஒரு பழைய நியூஸ் பேப்பர். இடது பக்கம் பூரா எலி தின்னுட்டு, அதனால பேப்பரோட பேரும் இல்ல தேதியும் இல்ல. மேல வலது மூலையில விலை போட்டிருந்த எடத்துல "அணா"ன்னு மட்டும் மிச்சம் கெடந்துது, கீழ ஒரு ஜவுளிக்கடை விளம்பரம், அட்ரஸ் திருவனந்தபுரம் சாலைக் கடைத்தெரு. தமிழ் பேப்பர், விளம்பரம் மட்டும் திருவனந்தபுரத்துக் கடை. இது என்ன பேப்பர், எந்த வருஷம், எங்க அடிச்சதுன்னு தேட ஆரம்பிச்சதுதான், ஒரு வருஷமா வேற வேலை ஓடல.

அந்த ஒரு வருஷத்துல கத்துக்கிட்டத எழுதுறேன். நாகர்கோவிலோ மார்த்தாண்டமோ குளச்சலோ, உங்க ஊருக்கு வந்த ஒரு தினசரியோட கதைய தேடணும்னா இது உதவும்.

மொதல்ல ஒண்ணு. பேப்பரோட வரலாறுன்னதும் எல்லாரும் பொன்விழா மலர், ஆண்டு மலர்னு தேடிப் போவாங்க. அதுல நிறுவனரோட படம், மந்திரியோட வாழ்த்து, மொத மெஷின் வாங்குன கதை எல்லாம் இருக்கும், வாசிக்க நல்லாவும் இருக்கும், ஆனா அது கல்யாண வீட்டுல மாப்பிள்ளைய பத்தி மாப்பிள்ளை வீட்டுக்காரங்க சொல்றத கேக்குற மாதிரி. நடுவுல பேப்பர் கைமாறுனது, நின்னு போயி திரும்ப வந்தது, பேரு மாத்துனது எல்லாம் அதுல தேஞ்சு போயிருக்கும். நான் நம்புறது கடைசி பக்கத்துல அடியில எறும்பு ஊர்ற மாதிரி பொடி எழுத்துல ஒரு வரி வரும் பாருங்க, அதத்தான். யாருக்காக யாரு அச்சடிச்சு எங்க இருந்து வெளியிட்டாங்க, ஆசிரியர் யாருன்னு. பிரஸ்காரங்க இம்பிரிண்ட் லைன்னு சொல்லுவாங்க. அச்சிடுறவர் பேரும் எடமும், வெளியிடுறவர் பேரும் எடமும் கட்டாயம் போடணும்னு 1867-ம் வருஷ சட்டம் சொன்னதால அத யாரும் விட முடியல, விளையாட்டுக்கு மாத்தவும் முடியல.

அதனால செய்ய வேண்டிய மொத வேலை, கையில கெடைக்குற ஒவ்வொரு பழைய பேப்பர்லயும் அந்த ஒரு வரிய மட்டும் தேதியோட ஒரு நோட்டுல எழுதிட்டே வாங்க. பத்து இருவது சேந்ததும் தானாவே கதை வரும். இந்த மாசம் வரைக்கும் ஒரு பேரு, அடுத்த மாசம் வேற பேரு, அச்சடிச்ச எடம் திருநெல்வேலின்னு இருந்தது திடீர்னு நாகர்கோவில்னு மாறும், அப்போ இங்க மெஷின் வந்துட்டுன்னு அர்த்தம். இன்னொண்ணும் இருக்கு. வருஷா வருஷம் பிப்ரவரி முடிஞ்சு வர்ற மொத இதழ்ல நாலாம் நமூனா, அதாவது ஃபார்ம் 4-ன்னு ஒரு அறிக்கை போடணும்னு 1956-ல ஒரு விதி வந்துது. ஓனர் யாரு, ஒரு சதவீதத்துக்கு மேல பங்கு யாருக்கெல்லாம் இருக்குன்னு அதுல வந்துடும். நூலகத்துல ஒரு வருஷ பைண்டு கெடைச்சா நான் நேரா மார்ச் ஒண்ணாந்தேதிக்குதான் போவேன். ஜனவரில இருந்து ஒவ்வொரு பக்கமா பொரட்டிட்டு போனா சினிமா விளம்பரத்துல மாட்டிக்குவோம், சொந்த அனுபவம்.

சரி, எங்க தாத்தா பெட்டி மாதிரி துண்டாதான் கெடைக்குது, தேதியே இல்லன்னா? அதுக்கும் வழி இருக்கு. விலைய பாருங்க. அணான்னு இருந்தா 1957 ஏப்ரலுக்கு முந்துனது, ஏன்னா அப்போதான் பைசா கணக்கு வந்துது. நயா பைசான்னு இருந்தா 1957-க்கும் 1964-க்கும் நடுவுல, அதுக்கப்புறம் "நயா" போயிட்டு. விளம்பரத்துல சக்கரக் கணக்கு தட்டுப்பட்டா உங்களுக்கு லாட்டரி, அது திருவிதாங்கூர் காசு, 28 சக்கரம் ஒரு ரூபா, ராஜா காலத்துது. விலாசத்துல ஆறு இலக்க பின்கோடு இருந்தா 1972 ஆகஸ்ட் 15-க்கு பெறகு. "சென்னை மாநிலம்"னு இருந்தா 1969-க்கு முன்ன. எழுத்தயும் பாருங்க, லை, னை, ளை எல்லாம் கொம்ப தூக்கிட்டு யானை தும்பிக்கை மாதிரி வளைஞ்சு நின்னா பழைய எழுத்து, 1978-ல சர்க்கார் எழுத்து சீர்திருத்தம் கொண்டு வந்துது. ஆனா இத வெச்சு மட்டும் முடிவு பண்ணிராதீங்க, ஈய எழுத்து வாங்கி வெச்ச பிரஸ்காரன் அரசாணை வந்துட்டுன்னு மறுநாளே எல்லாத்தயும் உருக்கவா போறான், பழசு கொஞ்ச காலம் ஓடத்தான் செஞ்சிருக்கும். மலையாள பேப்பர்னா 1971-ல அவங்களுக்கும் இதே மாதிரி ஒரு லிபி மாத்தம் வந்துது, அத கணக்குல எடுங்க.

இந்த முறையில என் தாள் 1957 ஏப்ரலுக்கு முந்துனதுன்னு பத்து நிமிஷத்துல தெரிஞ்சு போச்சு.

நம்ம ஜில்லாக்காரங்களுக்கு மட்டும் ஒரு கூடுதல் தலைவலி, கொல்லம் ஆண்டு. வீட்டுப் பத்திரத்துல "கொல்லம் 1108-ம் ஆண்டு"ன்னு பாத்திருப்பீங்க, திருவிதாங்கூர் காலத்து சர்க்கார் காகிதத்துலயும் பத்திரிகைலயும் அந்தக் கணக்கு வரும். இத மாத்துறது லேசு. ஆவணி ஒண்ணு, அதாவது சிங்கம் ஒண்ணுல வருஷம் பொறக்கும். ஆவணில இருந்து டிசம்பர் வரைக்கும்னா 824 கூட்டுங்க, ஜனவரில இருந்து ஆடி முடியுற வரைக்கும்னா 825. உதாரணத்துக்கு 1086 கன்னி 10. கன்னின்னா புரட்டாசி, 824 கூட்டுனா 1910, செப்டம்பர் 26.

அந்த தேதிய சும்மா எடுக்கல. நெய்யாற்றின்கரைக்காரர் ராமகிருஷ்ண பிள்ளைய சுதேசாபிமானி பத்திரிகைல எழுதுனதுக்காக திருவிதாங்கூர் சர்க்கார் நாடு கடத்துன நாள் அது. வக்கம் மௌலவி 1905-ல ஆரம்பிச்ச பத்திரிகை, பிள்ளை அடுத்த வருஷம் ஆசிரியரா வந்தாரு, திவானயும் அரண்மனையயும் போட்டு கிழிச்சாரு. பிரஸ்ஸ பூட்டி மெஷின பறிமுதல் பண்ணிட்டு ஆள போலீஸ் காவல்ல திருநெல்வேலிக்கு கொண்டு விட்டாங்க. அதாவது அவரு நாடு கடந்ததே நம்ம பக்கத்து வழியா. நெய்யாற்றின்கரை களியக்காவிளைல இருந்து எம்புட்டு தூரம்னு உங்களுக்கே தெரியும், ஆனா தமிழ்ல பத்திரிகை வரலாறு எழுதுறவங்க இத கேரளா கதைன்னு விட்டுடுவாங்க, மலையாளத்துல எழுதுறவங்க களியக்காவிளைக்கு இந்தப் பக்கம் பாக்கவே மாட்டாங்க. 1926-ல திருவிதாங்கூர்ல தனியா ஒரு பத்திரிகை ரெகுலேஷன் வந்துது, 1938-ல மலையாள மனோரமாவயே திவான் சர் சி.பி. ராமசாமி அய்யர் பூட்டி வெச்சாரு. அந்த சட்டமெல்லாம் நாகர்கோவிலுக்கும் சேத்துதான். மெட்ராஸ் பத்திரிகை வரலாற மட்டும் வாசிச்சுட்டு நம்ம ஜில்லா கதைய எழுதுனா இதெல்லாம் மொத்தமா விட்டுப்போகும்.

அச்சு வந்த கதையும் இங்க வேற. மயிலாடில லண்டன் மிஷன் பாதிரியார் ரிங்கல்தௌபே இருந்தாரு, அவருக்குப் பின்னால வந்த மீட் பாதிரியார் 1820-கள் தொடக்கத்துலயே நாகர்கோவில்ல லண்டன் மிஷன் அச்சகம் போட்டாச்சு. தினசரி பேப்பர் வர்றதுக்கு ரொம்ப காலம் முன்னயே நம்ம ஊர்ல அச்சுக் கோக்கத் தெரிஞ்ச ஆளுங்க இருந்தாங்க. அதனால உங்க தேடல்ல பழைய கம்பாசிட்டர் குடும்பம் ஏதாவது கெடைச்சா, தாத்தா எங்க வேலை கத்துக்கிட்டாருன்னு கேக்க மறக்காதீங்க.

இப்போ எங்க போயி தேடணும். நாகர்கோவில்ல மாவட்ட மைய நூலகம் இருக்கு, அங்க இருந்து ஆரம்பிக்கலாம். 1956 நவம்பர் 1-க்கு முந்துன விஷயம்னா ரயிலேறி திருவனந்தபுரம் போயிடுங்க, நம்ம நாலு தாலுகாவுக்கும் அதுவரைக்கும் தலைநகரம் அதுதான். பாளையத்துல பப்ளிக் லைப்ரரி, 1829-ல ஆரம்பிச்சது. நளந்தாவுல கேரளா ஆவணக் காப்பகம், சர்க்கார் ஃபைல் வேணும்னா அங்க. கெஜட்டும் பாருங்க, திருவிதாங்கூர் கெஜட் 1863-ல இருந்து வந்துது. போறதுக்கு முன்ன ஃபோன் போட்டு என்ன நாள் தொறந்திருக்கும், என்ன ஐடி வேணும், ஃபோட்டோ எடுக்க விடுவாங்களான்னு கேட்டுக்குங்க. நான் கேக்காம ஒரு எடத்துக்குப் போயி பூட்டுன கேட்ட பாத்துட்டு, எதிர்த்த கடையில ஒரு சாயாவும் பழம்பொரியும் தின்னுட்டு திரும்பி வந்தேன்.

மலையாளம் வாசிக்கத் தெரியலன்னா வீட்டுலயே ஆள் இருக்கும். விளவங்கோடு கல்குளம் பக்கம் பழைய ஆளுங்க நெறைய பேரு ஸ்கூல்ல மலையாளம் படிச்சவங்கதான். எங்க பெரியம்மாவ கூட்டிட்டுப் போனேன், எழுத்துக் கூட்டி வாசிச்சு மரண அறிவிப்பு ஒண்ணையும் விடல.

ஒரு உதாரணமா தினமலர எடுத்துக்குங்க. இன்னைக்கு கேட்டா மதுரை பேப்பர்னு சொல்லுவாங்க, திருநெல்வேலி பேப்பர்னு சொல்லுவாங்க. அது 1951 செப்டம்பர் 6-ல திருவனந்தபுரத்துலதான் பொறந்துது, ஆரம்பிச்சவரு நம்ம நாகர்கோவில் பக்கத்துக்காரர் டி.வி. ராமசுப்பையர். அது ஏன் அங்கன்னு புரியணும்னா அந்த காலத்த பாக்கணும். 1949 ஜூலைல திருவிதாங்கூரும் கொச்சியும் ஒண்ணாச்சு, தெக்க இருக்குற தமிழ் தாலுகாவ தாய்த்தமிழகத்தோட சேக்கணும்னு நேசமணி தலைமையில திருவிதாங்கூர் தமிழ்நாடு காங்கிரஸ் நின்னு அடிச்சுட்டு இருந்துது, 1954 ஆகஸ்ட் 11-ல மார்த்தாண்டத்துலயும் புதுக்கடையிலயும் துப்பாக்கிச் சூடே நடந்துது. ஆட்சி நடக்குற ஊர்ல இருந்து தமிழ்ல சேதி சொல்ல ஒரு பேப்பர் வேண்டியிருந்த நேரம். 1956-ல நாலு தாலுகாவும் இந்தப் பக்கம் வந்ததும் அடுத்த வருஷமே, 1957-ல, பேப்பரும் திருநெல்வேலிக்கு எடம் மாறிட்டு. எல்லை நகந்துது, பேப்பரும் நகந்துது. இம்பிரிண்ட் வரியில ஊர் பேரு மாறுனா ஏன்னு கேளுங்கன்னு நான் சொல்றதுக்கு இதுதான் காரணம். தினத்தந்தி மாதிரி 1942-ல மதுரைல ஆரம்பிச்சு பெறகு இங்க எடிஷன் போட்ட பேப்பரோட கதை வேற மாதிரி. அங்க "ஆரம்பிச்ச வருஷம்"ங்கறதும் "நாகர்கோவில் பதிப்பு வந்த வருஷம்"ங்கறதும் ரெண்டு தனித்தனி விஷயம், ரெண்டயும் ஒண்ணாக்கி எழுதுறவங்க ரொம்பப் பேரு.

எடிஷன்னு சொன்னதும் ஞாபகம் வருது, சென்னைக்குப் போறவங்க இத கவனிங்க. எழும்பூர்ல கன்னிமாரா நூலகம் இருக்கு, நாட்டுல வெளியாகுற புத்தகம், பத்திரிகைல ஒரு பிரதி கொடுக்க வேண்டிய நூலகங்கள்ல அது ஒண்ணு. தரமணில ரோஜா முத்தையா நூலகம், பழைய தமிழ் அச்சுக்கு அத விட நல்ல எடம் இல்ல. ஆனா அங்க கெடைக்குற தினசரி சென்னை பதிப்பா இருந்தா அதுல நாகர்கோவில் பக்கமே இருக்காது. குளச்சல்ல வலை போன சேதியும், திங்கள்சந்தைல வாழைக்குலை விலையும் நம்ம பதிப்புல மட்டும்தான் வந்திருக்கும். நம்ம பதிப்பு எங்க இருக்கும்? நம்ம ஊர்லதான், அதுவும் கண்ட கண்ட எடத்துல.

ஊர் படிப்பகம், கட்சி ஆபீஸ், பங்கு சாமியார் வீடு, பழைய முடிவெட்டுற கடை, இதெல்லாம் கேட்டுப் பாருங்க. விளம்பரம் கொடுத்த கடைக்காரங்கள மறந்துராதீங்க, விளம்பரம் வந்த பேப்பர கணக்குக்காக எடுத்து வெச்சிருப்பாங்க. பழைய பேப்பர் எடைக்கு வாங்குற ஆக்கர் கடைக்காரர்ட்ட முன்னாடியே சொல்லி வைங்க, அண்ணாச்சி, பழசு வந்தா எடைக்கு அனுப்பாதீங்க, கிலோவுக்கு கூட ரெண்டு ரூபா தாறேன்னு. எனக்கு இப்படித்தான் 1969 ஜனவரி பேப்பர் ஒரு கட்டு கெடைச்சுது, காமராஜர் நாகர்கோவில் இடைத்தேர்தல்ல நின்ன சமயம். மேல இருந்த நாலு தாள வடை மடிக்க யாரோ எடுத்துட்டாங்க, போகட்டும்.

அடுத்து ஆளுங்கட்ட கேக்குறது. பழைய ஏஜென்ட், பேப்பர் போட்ட பையன் (இப்போ அவருக்கு எழுவது வயசு இருக்கும்), பகுதி நேர நிருபர், கம்பாசிட்டர். "உங்க பேப்பரோட வரலாறு சொல்லுங்க"ன்னு கேட்டா பொன்விழா மலர்ல இருக்குறதையே திருப்பிச் சொல்லுவாங்க. சின்னதா கேளுங்க. பண்டல் எத்தன மணிக்கு வரும், எந்த வண்டியில வரும், மழைக்கு வண்டி நின்னா என்ன செய்வீங்க. நாகர்கோவிலுக்கு ரயில் வந்ததே 1979-ல, அதுவும் திருவனந்தபுரத்துப் பக்கம் இருந்து, திருநெல்வேலி லைன் 1981-லதான் இணைஞ்சுது. அதுவரைக்கும் திருநெல்வேலில அடிச்ச பேப்பர் ஆரல்வாய்மொழி காத்தயும் தாண்டி ரோட்டுலதான் வரணும். அப்போ ராத்திரி எத்தன மணிக்கு பக்கத்த மூடியிருப்பாங்க, அதுக்குப் பெறகு இங்க நடந்த சேதி எல்லாம் ஒரு நாள் தள்ளித்தான் வந்திருக்கும், இதெல்லாம் ஒரே கேள்வியில வந்துடும். வருஷத்த மட்டும் அவங்க சொன்னபடியே எழுதாதீங்க. ஒருத்தர் எங்கிட்ட "காமராஜர் இங்க ஜெயிச்ச வருஷம்தான் நான் ஏஜென்சி எடுத்தேன்"னாரு. காமராஜர் இங்க ரெண்டு தடவ ஜெயிச்சாரு, 1969-லயும் 1971-லயும். கன்னியாகுமரி விவேகானந்தர் ராக் மெமோரியல் தொறக்குறதுக்கு முன்னயா பெறகான்னு கேட்டேன், அது 1970. "முன்ன, முன்ன, தொறந்த அன்னைக்கு நான்தான் பேப்பர் கொண்டு போனேன்"னாரு. முடிஞ்சுது.

சர்க்கார் காகிதமும் தேடலாம். பேப்பர் ஆரம்பிக்குறவங்க கலெக்டர் ஆபீஸ் பக்கம் டிக்ளரேஷன் கொடுக்கணும்னு பழைய சட்டம், அதனால 1956-க்கு பெறகு உள்ளதுக்கு 10 ரூபா கட்டி ஆர்டிஐ போட்டு பாருங்க. டெல்லில பத்திரிகை பதிவாளர் ஆபீஸ் 1956 ஜூலைல இருந்து இருக்கு, இப்போ 2024 மார்ச்ல இருந்து புது சட்டத்துல எல்லாம் ஆன்லைன். அங்க பேரு, மொழி, ஊரு, ஓனர் வரும். பதில் வர நாளாகும், அதுக்காக மத்த வேலைய நிறுத்தாதீங்க.

கெடைச்ச பேப்பர எப்படி வெச்சுக்குறது? இதுல நான் பண்ணுன தப்ப நீங்க பண்ணாதீங்க. ஒரு நல்ல துண்ட லேமினேஷன் போட ஒரு கடையில கொடுத்தேன், சூட்டுல ஒரு மூலை சுருங்கி பழுப்பாகி வந்துது, இனி அத பிரிக்கவும் முடியாது. செல்லோ டேப்பும் கூடாது, அஞ்சாறு வருஷத்துல மஞ்சளா கறை எறங்கிடும். நியூஸ் பிரிண்ட் தாளே மட்டமான மரக்கூழு, வெயில் பட்டா தானா மஞ்சளிக்கும், மடிச்ச எடத்துலதான் மொதல்ல ஒடையும். அதனால மடிக்காம விரிச்சு, நடுவுல வெள்ளத் தாள் வெச்சு, இருட்டா காத்தோட்டமா ஒரு எடத்துல வைங்க. கடல்புரத்துல வீடுன்னா உப்புக்காத்து ஈரம் வேற, தரையோட வெக்காதீங்க. ஃபோட்டோ எடுக்கும்போது ஃப்ளாஷ் வேண்டாம், வாசல் வெளிச்சத்துல தரையில விரிச்சு நேர் மேல இருந்து எடுங்க, மொதல்ல முழு பக்கம், பெறகு இம்பிரிண்ட் வரி தனியா. ஃபைலுக்கு வருஷம் மாசம் தேதி பக்கம்னு பேரு போடுங்க, வாட்ஸ்அப்ல அனுப்புனத நம்பாதீங்க, அதுல பொடி எழுத்தெல்லாம் கலங்கிடும்.

கடைசியா எழுத உக்காரும்போது ஒரே நாள் பேப்பர ரெண்டு மொழிலயும் பக்கத்துல பக்கத்துல வெச்சு பாருங்க. 1956 நவம்பர் 1 ரொம்ப நல்ல நாள். அங்க அது கேரளம் பொறந்த நாள், இங்க நாம தமிழ்நாட்டோட சேந்த நாள். ஒரே பஸ்ஸுல ரெண்டு பேப்பரும் வந்து ஒரே சாயாக் கடையில கெடந்திருக்கும், ரெண்டு பேரு ரெண்டு மூலையில இருந்து வாசிச்சிருப்பாங்க. எந்த சேதி மேல, எது கீழ, எது வரவே இல்லன்னு குறிச்சு வெச்சா உங்க பேப்பரோட குணம் என்னன்னு பிடிபட்டுடும்.

என் தாளுக்கு வரேன். விலையும் விளம்பரமும் வெச்சு 1950-கள், திருவனந்தபுரம் பக்கம்னு ஒரு ஊகம் இருக்கு, அதுக்கு மேல சொல்ல இம்பிரிண்ட் வேணும். அது எங்க இருக்குன்னும் தெரியும். தாத்தா தாள நடுவுல கிழிச்சு ஒரு பாதிய பெட்டி அடியில விரிச்சுட்டு, மறு பாதிய மூடியோட உள்பக்கம் மைதா பசை போட்டு ஒட்டியிருக்காரு. மூடியில நமக்குத் தெரியுறது மூணாம் பக்கம். நாலாம் பக்கம் தகரத்த பாத்து கெடக்கு. ஈரத் துணி போட்டு கொஞ்சம் கொஞ்சமா ஊற வெச்சா பைய வரும்னு ஒரு பைண்டிங்காரர் சொன்னாரு, ரெண்டு தடவ துணிய நனைச்சுட்டேன், ரெண்டு தடவையும் பிழிஞ்சு கொடியில காயப் போட்டுட்டேன்.